இழுகயிறு

வூப்பர்டாலில், மலைச்சரிவில் வீடு.
தெருவிலிருந்து பார்த்தால் மூன்று மாடி,
பின்பக்கம் நின்று பார்த்தால் நான்கு.
தொலைபேசிக் கம்பி வந்து முடிவது
அந்த நாலாவதில், நாங்கள் கெல்லர் என்கிற நிலவறையில்,
உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் நடுவே.

ரவுட்டரும் அங்கேதான் இருந்தது,
நான்கு பச்சைக் கண்ணும் திறந்தபடி,
ஒருவருக்கும் உதவாமல்.
சுவரெல்லாம் ஐம்பது சென்ரிமீற்றர் செங்கல்.
நூற்றிருபது மாரிக் குளிரை மறித்த சுவருக்கு
வைஃபை எம்மாத்திரம்?

மேல்மாடியில் யதுஷாவின் ஆசிரியர்
வாய் திறந்தபடி திரையில் உறைந்துபோவார்.
பிள்ளை மடிக்கணினியோடு ஒவ்வொரு மாடியாய் இறங்கி
ஒருநாள் கெல்லர்ப் படியில்
கம்பளி போர்த்திக்கொண்டு பின்னக் கணக்குச் செய்தாள்.

ரூபன் பெருக்கிகள் வாங்கிவந்தான், மூன்று.
முதலாவது சொன்ன அரைகுறையை
இரண்டாவது உரத்துச் சொன்னது,
மூன்றாவது இன்னும் உரத்து.

அன்றிரவு கட்டத்தாள் எடுத்தேன்.
ஒரு கட்டம் அரை மீற்றர்.
பல் செய்யும் பட்டறையில் பதினாறு வருடம் வேலை,
அளக்காமல் எதையும் தொடமாட்டேன்.
சமையலறைக்கு ஒரு முனை எதற்கு என்றான்.
எதற்கென்று தெரிந்த பிறகா சுவரை உடைப்பது என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் துளைத்தோம்.
துளைகம்பி நாற்பது, சுவர் ஐம்பது.
மிச்சப் பத்துக்குள்
வீடு தன் பிடிவாதம் முழுவதையும் வைத்திருந்தது.

தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்,
பல்லைத் தட்டுவதுபோல.
புகைபோக்கியின் ஓரம் ஓர் இடம் கோறையாய்க் கேட்டது.
சுவர்த்தாளைக் கிழித்தால்
ஏழெட்டுத் தரம் பூச்சு வாங்கிய சிறு மூடி.
மூடிக்குப் பின்னால் சாம்பல்நிறக் குழாய்.
குழாய்க்குள் ஒன்றுமில்லை, ஒரு கயிறு தவிர.

முனையில் ஆணி, ஆணியில் ஓர் அட்டைத் துண்டு,
பென்சிலால் ஜேர்மன் எழுத்தில்:
பிறகுக்கு. 1988.

வீட்டை விற்றவர்கள் வாரிசுகள்.
இங்கே இருந்தவரைப் பற்றி அவர்கள் சொன்னது
அழைப்புமணி வேலைசெய்யாது என்பது மட்டும்.
எதை நினைத்து விட்டுவைத்தார்?
மேலே இன்னொரு தொலைபேசியா, அன்ரனாவா?
எதையும் நினைக்கவில்லையோ என்னவோ,
குழாய் போட்டால் கயிறும் விடவேண்டும் என்பதைத் தவிர.
அந்த வருடம் எனக்கு
இந்த நாட்டின் பெயரை எழுதத் தெரியாது.

கயிற்றின் கீழ்முனையில் கேபிளைக் கட்டி
இன்சுலேஷன் ரேப் சுற்றி
பாத்திரம் கழுவும் திரவம் பூசினேன்.
ரூபன் மேலே இழுக்க, நான் கீழே ஊட்ட வேண்டும்.
கைபேசிக்குக் கெல்லரில் சிக்னல் இல்லை.
ஒரு தட்டு, இழு. இரண்டு தட்டு, நில்.
அந்தக் குழாய் வழியே போன முதல் செய்தி
சோற்றுக் கரண்டியால் இரண்டு தட்டு.

பிறகு எட்டு வயர், நகத்தளவு கண்ணாடிப் பல்லுக்குள்:
செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள்,
பச்சை வெள்ளை, நீலம்,
நீல வெள்ளை, பச்சை,
பழுப்பு வெள்ளை, பழுப்பு.
நடுவில் பச்சை மட்டும் சோடியைப் பிரிந்து
நீலங்களுக்கு இருபக்கமும் காவல் நிற்கிறது.
ஏன் என்று எனக்குத் தெரியாது.

விளக்கு மஞ்சளாய் எரிந்தது.
பத்தில் ஒரு பங்கு வேகம்.
"போதும், விடு" என்றான்.
கடைசிப் பழுப்பு சரியாகக் கடிபடவில்லை,
எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகெப்படி விடுவது?
வெட்டினேன், திரும்பக் கடித்தேன்.
வெட்டினேன்.
நாலாம் தரம் பச்சை.

மேலே யதுஷா கத்தினாள்:
"அம்மா, அவர் வாயை மூடிட்டார்!"

கேபிளோடு புதுக் கயிறு ஒன்றும்
சேர்த்தே இழுத்திருந்தோம்.
அதன் முனைக்கு அட்டை வெட்டி
பிறகுக்கு என்று தமிழில் எழுதினேன்.
யார் வாசிக்கப்போகிறார்கள் என்று
ஜேர்மனிலும் எழுதினேன்.
ரூபன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து,
"நீளத்தையும் எழுது" என்றான். "அதுதான் உதவும்."
இருபத்திரண்டு மீற்றர்.